வாங்கும் நாளிலேயே எழுத வேண்டிய தேதி

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு முடிவதற்கு எட்டு மாதங்கள் இருந்தபோது, ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் உரிமையாளர் முன்னால் ஒரு விலைப்பட்டியலோடு போய் உட்கார்ந்தேன். அறுபது கணினிகள் கொண்ட நிறுவனம் அது. அவற்றோடு சர்வர், நெட்வொர்க், பேக்கப் என அனைத்தையும் மாதக் கட்டணத்தில் பராமரிக்கும் பொறுப்பு எங்களுடையது. அந்த அறுபதில் முப்பத்தெட்டு கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்றும், 2025 அக்டோபர் 14க்குப் பிறகு அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்றும், அதே ஆண்டில் சர்வரின் வாரண்டியும் முடிவதால் அதையும் மாற்றியாக வேண்டும் என்றும் விளக்கினேன். அந்த அம்மையார் பட்டியலைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, "இந்தத் தேதி உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5 அன்று. டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்கும் செயலிகள் வேண்டும் என்ற நிபந்தனைகளும் அந்த ஆண்டிலேயே வெளியாகிவிட்டன. ஆக, மூன்று ஆண்டுகளுக்கு மேலாக எங்களுக்குத் தெரியும். எங்கள் தொழில்நுட்பப் பணியாளர்களின் குறிப்புகளில் அது இருந்தது; தொலைவிலிருந்து கணினிகளைக் கண்காணிக்கும் எங்கள் மென்பொருளில் ஒரு வடிகட்டியைப் போட்டால் அந்த முப்பத்தெட்டும் வரிசையாக வந்து நின்றன. ஆனால், எந்த ஆண்டில் எவ்வளவு பணம் தேவைப்படும் என்ற வடிவில் அதை ஒருமுறைகூட அவர் மேசையில் நாங்கள் வைத்திருக்கவில்லை. அன்று நான் உண்மையைச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. இதை மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துச் சொல்லியிருந்தால் தான் கடன் வாங்கத் தேவையிருந்திருக்காது என்று மட்டும் சொன்னார்.

நிர்வகிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சேவை என்னும் தொழிலில் பல ஆண்டுகள் இருந்த பிறகும் எனக்கு உறைக்காத ஒன்று அந்த ஒரு வாக்கியத்தில் உறைத்தது. ஒரு கருவி பழுதடைவதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் அது ஓய்வுபெற வேண்டிய தேதியைப் பெரும்பாலும் வாங்கும் நாளிலேயே சொல்லிவிட முடியும். அந்தத் தேதியையும் அதற்குரிய தொகையையும் வாடிக்கையாளருக்கு அன்றே தெரிவிப்பது எங்கள் சேவையின் ஒரு பகுதி என்றும், அதைச் செய்யாமல் கடைசி ஆண்டில் விலைப்பட்டியலை நீட்டுவது எங்கள் தவறு என்றும் இப்போது நம்புகிறேன். அதற்குப் பிறகு எங்கள் வேலைமுறையை எப்படி மாற்றிக்கொண்டோம் என்பதை, இதே தொழிலில் இருப்பவர்களுக்கும், இப்படிப்பட்ட நிறுவனங்களை நம்பித் தங்கள் கணினிகளை ஒப்படைத்திருப்பவர்களுக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

எதையும் திட்டமிடும் முன் என்னென்ன இருக்கின்றன என்று தெரிய வேண்டும். பட்டியல் எடுப்பது ஒரு பிற்பகல் வேலை என்றுதான் நான் தொடக்கத்தில் நினைத்தேன். மேலே சொன்ன நிறுவனத்தில் எங்கள் கண்காணிப்பு மென்பொருள் அறுபது கணினிகளைக் காட்டியது. பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் டைரக்டரியில் எழுபத்தொன்று பதிவாகியிருந்தன. வைரஸ் தடுப்பு மென்பொருளின் கணக்கு ஐம்பத்து நான்கு என்றது. கணக்குப் பிரிவிடம் இருந்த கொள்முதல் ரசீதுகளோ இவை எதனோடும் ஒத்துப்போகவில்லை. எழுபத்தொன்றுக்கும் அறுபதுக்கும் இடையிலான பதினொன்று, எப்போதோ அகற்றப்பட்டும் டைரக்டரியிலிருந்து நீக்கப்படாத பெயர்கள். அறுபதுக்கும் ஐம்பத்து நான்குக்கும் இடையிலான ஆறு கணினிகள், பாதுகாப்பே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தவை. பட்ஜெட்டுக்காகத் தொடங்கிய கணக்கெடுப்பு ஒரு பாதுகாப்பு ஓட்டையை வெளியே கொண்டுவந்தது. சி.ஐ.எஸ். கட்டுப்பாடுகள் என்ற பாதுகாப்பு நெறிமுறைத் தொகுப்பின் பதினெட்டில் முதலாவது சாதனங்களின் கணக்கெடுப்பாகவும் இரண்டாவது மென்பொருள்களின் கணக்கெடுப்பாகவும் இருப்பதன் காரணம் எனக்கு அன்றுதான் முழுமையாகப் புரிந்தது.

இந்தத் தானியங்கிப் பட்டியல்கள் எவற்றிலும் வராதவையும் உண்டு. கண்காணிப்பு மென்பொருளுக்குத் தகவல் அனுப்பும் சிறு நிரலை நிறுவ முடியாத கருவிகளான, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச், வைஃபை கருவி, இணையத்திலிருந்து வரும் தாக்குதல்களைத் தடுக்கும் ஃபயர்வால், பிரிண்டர், யு.பி.எஸ்., பேக்கப் எடுக்கும் சேமிப்பகப் பெட்டி ஆகியவற்றை ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, பின்பக்கத்து ஒட்டுத்தாளிலிருந்து சீரியல் எண்ணைப் படித்து எழுத வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் மாற்றீட்டு பட்ஜெட்டில் எதிர்பாராத ஓட்டை விழுவது பெரும்பாலும் இந்தக் கருவிகளால்தான் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒருவரை நேரில் அனுப்புவதை நாங்கள் விடுவதில்லை. சீரியல் எண் கிடைத்த பிறகு தயாரிப்பாளரின் தளத்தில் வாரண்டித் தேதியைச் சரிபார்க்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் வாரண்டி தொடங்குவது கருவி அனுப்பப்பட்ட நாளிலிருந்து அல்லது ரசீது எழுதப்பட்ட நாளிலிருந்து. பயனர் அதைத் திறந்து உட்கார்ந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. அலமாரியில் ஓராண்டு உறங்கிய உபரி மடிக்கணினிக்கும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

பட்டியல் கைக்கு வந்ததும் எழும் கேள்வி, ஒரு கருவியின் ஆயுள் என்றால் என்ன என்பது. இங்கேதான் பேச்சு குழம்புகிறது, ஏனென்றால் ஒரே கருவிக்குப் பல ஆயுள்கள் உண்டு. பேசுகிறவர்கள் ஒவ்வொருவரும் வேறொன்றை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். கணக்காளர் தேய்மானத்தை நினைக்கிறார்: ஏட்டில் மதிப்பு பூஜ்யமாகிவிட்டால் அவருக்கு அந்தப் பொருள் முடிந்துவிட்டது. உரிமையாளர் அது ஓடுகிறதா என்று பார்க்கிறார். பழுது நீக்கும் பணியாளர் வாரண்டியையும் உதிரிப் பாகம் கிடைப்பதையும் பார்க்கிறார். பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் மென்பொருள் திருத்தங்கள் எந்த நாள்வரை வரும் என்று பார்க்கிறார். நான் பின்பற்றும் விதி எளியது: தேய்மானக் கணக்கை வரி விவகாரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, மற்ற ஆயுள்களில் எது முதலில் முடிகிறதோ அதையே ஓய்வுத் தேதியாக எழுதுவது.

எடுத்துக்காட்டாக ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். இரும்புப் பெட்டி ஏழு, எட்டு ஆண்டுகள்கூட ஓடலாம். ஆனால் அதன் மேல் இருக்கும் இயங்குதளத்துக்கு அச்சிட்ட தேதி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் சர்வர் 2012, 2012 ஆர்2 இரண்டுக்கும் 2023 அக்டோபர் 10 அன்று ஆதரவு முடிந்தது. சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12 அன்றும், சர்வர் 2019-க்கு 2029 ஜனவரி 9 அன்றும் முடிகிறது. அதற்குள் ஓடும் தரவுத்தளத்துக்கு வேறொரு தேதி உண்டு, எஸ்.க்யூ.எல். சர்வர் 2016-க்கு அது 2026 ஜூலை 14. ஆகவே, சர்வர் 2016-உம் எஸ்.க்யூ.எல். 2016-உம் ஒன்றாக ஓடும் ஒரு பெட்டியின் உண்மையான ஓய்வுத் தேதி, இயங்குதளத்தின் தேதிக்கு ஆறு மாதங்கள் முந்தியது. இரண்டையும் தனித்தனியாக மாற்றினால் அதே தரவை இருமுறை இடம்பெயர்க்கும் உழைப்பு. சேர்த்து மாற்றினால் ஒருமுறை. இந்த முடிவை 2024இல் எடுப்பவருக்கும் 2026 ஜூன் மாதத்தில் எடுப்பவருக்கும் செலவு ஒன்றாக இருப்பதில்லை.

நெட்வொர்க் கருவிகளுக்கு இந்த அறிவிப்பு இன்னும் ஒழுங்காக வருகிறது. சிஸ்கோ போன்ற தயாரிப்பாளர்கள் ஒரு மாடலின் விற்பனை நிற்கும் தேதியை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். வன்பொருளுக்கு அந்தத் தேதியிலிருந்து பொதுவாக ஐந்து ஆண்டுகள் ஆதரவு தொடர்கிறது. இதனால் ஒரு பொருளின் எஞ்சிய ஆயுளை நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது. அந்த மாடல் சந்தைக்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் பார்த்தே எண்ண வேண்டும். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று, விற்பனை நிற்கப்போகும் ஃபயர்வாலை வாங்கும் வாடிக்கையாளர் விலையில் மிச்சம்பிடித்ததை ஆயுளில் இழக்கிறார். தள்ளுபடிக்கான காரணத்தை அவரிடம் விளக்க வேண்டிய இடத்தில் நாம்தான் இருக்கிறோம்.

யு.பி.எஸ். பாட்டரியை யாரும் சொத்தாகவே நினைப்பதில்லை. அடைப்பு வகை ஈய-அமில பாட்டரிகள் வழக்கமாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான் தாங்கும். அதுவும் 25 டிகிரி செல்சியஸ் அளவிலான அறை வெப்பத்தில். வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகிவிடும் என்பது இத்துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. காற்றோட்டமில்லாத சிறு அறைக்குள் சர்வருக்கு அடியில் வைக்கப்பட்ட யு.பி.எஸ்.ஸுக்கு இரண்டாம் ஆண்டின் முடிவிலேயே பாட்டரி மாற்றும் வரியை நான் பட்ஜெட்டில் எழுதுகிறேன். சிறிய தொகை. ஆனால் அந்தச் சிறிய தொகை இல்லாத இடத்தில், மின்சாரம் போன கணத்தில் சர்வர் அணைந்து, தரவுத்தளம் சிதைந்து, இரண்டு நாள் வேலை நின்றதை நேரில் பார்த்திருக்கிறேன்.

"நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்பவர்களிடம் 2021 செப்டம்பர் 30 அன்று நடந்ததைச் சொல்வதுண்டு. அன்று, இணையத் தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் நிறுவனத்தின் சான்றிதழ்களைப் பழைய கருவிகள் நம்புவதற்கு அடிப்படையாக இருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. புதுப்பிப்புகள் நின்றுபோன பழைய கருவிகள் பலவற்றில், முதல்நாள் வரை திறந்த இணையத் தளங்கள் மறுநாள் திறக்கவில்லை. கருவியில் ஒரு திருகுகூடக் கழன்றிருக்கவில்லை. சுற்றியிருந்த உலகம் நகர்ந்துவிட்டது. ஆதரவு முடிந்த கருவி நின்ற இடத்தில் அப்படியே நிற்பதாகத் தோன்றும், ஆனால் மற்றவற்றோடு பேசும் திறனை அது சிறிது சிறிதாக இழந்துகொண்டிருக்கிறது.

இனி பணத்துக்கு வருகிறேன். விலைகள் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரு கணினியின் விலையை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் கணக்கையே சொல்கிறேன். அறுபது கணினிகள், ஐந்தாண்டு ஆயுள் என்றால் ஆண்டுக்கு 12 அலகுகள். சர்வர் 10 அலகுகள், ஐந்தாண்டு ஆயுள் என்றால் ஆண்டுக்கு 2. ஃபயர்வால் 2 அலகுகள், ஐந்தாண்டுகள், ஆண்டுக்கு 0.4. நான்கு சுவிட்சுகள் சேர்ந்து 4 அலகுகள், எட்டாண்டுகள், ஆண்டுக்கு 0.5. ஆறு வைஃபை கருவிகள் சேர்ந்து 3 அலகுகள், ஆறாண்டுகள், ஆண்டுக்கு 0.5. யு.பி.எஸ். பாட்டரிகள் 0.6 அலகு, மூன்றாண்டுகள், ஆண்டுக்கு 0.2. மொத்தம் ஆண்டுக்கு 15.6 அலகுகள். நான் அன்று அவர் முன் வைத்த பட்டியலில் முப்பத்தெட்டு கணினிகளும் சர்வரும் சேர்ந்து, ஒரே ஆண்டில் 48 அலகுகள் இருந்தன. ஆண்டுத் தேவையின் மூன்று மடங்குக்கும் மேல். ஐந்தாண்டுகளில் மொத்தமாகப் பார்த்தால் அந்த நிறுவனம் கூடுதலாக எதையும் செலவழிக்கப் போவதில்லை என்றாலும், ஒரே ஆண்டில் வரும் 48 அந்த ஆண்டின் பணப்புழக்கத்தை முறித்துவிடும்.

இந்த அலை எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒருமுறை மொத்தமாக வாங்கியவர்கள் ஐந்தாண்டு கழித்து மொத்தமாகவே மாற்ற வேண்டிவரும்; மாற்றினால் அடுத்த ஐந்தாண்டிலும் அதே அலை திரும்பும். அதை உடைக்க ஒரே வழி, சிலவற்றைச் சற்று முன்னதாகவும் சிலவற்றைச் சற்றுப் பின்னதாகவும் மாற்றுவது. முப்பத்தெட்டை 2023இல் பன்னிரண்டு, 2024இல் பதின்மூன்று, 2025இல் பதின்மூன்று என்று பிரித்திருக்கலாம். முதல் பன்னிரண்டு யாருக்கு என்ற கேள்விக்குப் பதவி வரிசையில் விடை தேடக் கூடாது. யாருடைய கணினியிலிருந்து பழுதுக் கோரிக்கைகள் அதிகம் வருகின்றன, யாருடைய வேலைக்கு வேகம் உண்மையாகவே தேவைப்படுகிறது என்பதை எங்கள் சேவைப் பதிவுகளே சொல்லும். மேலாளரின் பழைய கணினியைத் துடைத்துக் கீழே உள்ளவருக்குக் கொடுத்து, அவருடையதை அடுத்தவருக்குக் கொடுக்கும் வழக்கத்தை நான் எங்கு கண்டாலும் எதிர்க்கிறேன். ஒரு புதிய கணினிக்கு மூன்று முறை நிறுவல் வேலை. மூன்று பேருக்கு அரைநாள் இடைஞ்சல். கடைசியில் ஏற்கெனவே மெதுவான கணினியால் அவதிப்பட்டவருக்கு இன்னொரு மெதுவான கணினி.

கருவியின் விலையை மட்டும் எழுதும் பட்ஜெட் பாதி பட்ஜெட்தான். நிறுவும் உழைப்பு, தரவு இடமாற்றம், புதிய பதிப்புக்கான உரிமங்கள், பழைய துறைசார் மென்பொருள் புதிய இயங்குதளத்தில் ஓடுகிறதா என்று சோதிக்கும் நேரம், பழைய கருவியைப் பாதுகாப்பாக அழிக்கும் செலவு ஆகியவை தனி வரிகளாக இருக்க வேண்டும். சர்வர் மாற்றத்தில் உழைப்பின் பங்கு பெட்டியின் விலையை நெருங்குவதும் உண்டு. இவற்றோடு, திட்டத்தில் இல்லாத உடைவுகளுக்கு ஒரு சிறு ஒதுக்கீட்டையும் வைக்கிறேன். அது செலவாகாமல் மிஞ்சினால் அடுத்த ஆண்டின் தேவையிலிருந்து கழித்துக்கொள்கிறோம்.

தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை எண்ணால் காட்டுவது நல்லது. விண்டோஸ் 10-க்கு நிறுவனங்கள் பணம் கொடுத்து நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களை அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குப் பெறலாம். ஆனால் கட்டணம் ஆண்டுதோறும் இரட்டிப்பாகிறது. முதலாண்டுக் கட்டணம் ஒரு பங்கு என்றால் மூன்றாண்டுகளுக்கு மொத்தம் ஏழு பங்கு. இரண்டாம் ஆண்டில் சேர விரும்புபவர் முதலாண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தை இயக்கும் ஒற்றைக் கணினிக்கு இது நியாயமான வழி. முப்பத்தெட்டு கணினிகளுக்கு இதைச் செய்வது, புதிய கணினி வாங்கவேண்டிய பணத்தில் கணிசமான பங்கைப் பழையதன் மேல் கொட்டுவதாகும்.

இந்தக் கணக்குகளையெல்லாம்விடக் கடினமானது வாடிக்கையாளரோடான உரையாடல். அதன் கடினம் எங்கள் தரப்பில்தான் தொடங்குகிறது. பெரும்பாலான சேவை நிறுவனங்கள் கருவிகளை விற்கவும் செய்கின்றன. அந்த விற்பனையில் லாபம் பெறுகின்றன. "இதை மாற்ற வேண்டும்" என்று சொல்பவரும் "இதை விற்கிறேன்" என்று சொல்பவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, கேட்பவர் சந்தேகப்படுவது முழுக்க நியாயம். மாதக் கட்டணம் நிலையானது என்பதால், பழைய கருவிகள் கொண்டுவரும் கூடுதல் பழுது வேலை எங்கள் உழைப்பைத்தான் தின்கிறது. அதனால் அவற்றை விரைவாக மாற்றச் சொல்ல எங்களுக்கு இரண்டாவது காரணமும் இருக்கிறது. இந்த இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே சரி என்ற முடிவுக்கு வந்தேன். நான் இப்போது ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் மாற்ற வேண்டியவற்றின் பட்டியலுக்கு முன்னால், மாற்றத் தேவையில்லாதவற்றின் பட்டியலைக் காரணங்களோடு வைக்கிறேன். ஏழாண்டு ஆன ஒரு சுவிட்சுக்குத் தயாரிப்பாளரின் ஆதரவு இன்னும் இருக்கிறது, உபரி ஒன்றும் கைவசம் இருக்கிறது என்றால் அது அப்படியே இருக்கட்டும் என்று எழுதுகிறேன். அந்த முதல் பட்டியலைப் படித்த பிறகு இரண்டாவது பட்டியலை வாடிக்கையாளர்கள் வேறு கண்ணோடு படிக்கிறார்கள் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதில் என் மனச்சாட்சிக்கும் பங்குண்டு. ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் சூழலுக்கு ஏற்படுத்தும் கார்பன் சுமையின் பெரும்பகுதி, அதை யாரும் திறப்பதற்கு முன்பே, தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கையின்படி 2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உருவாக்கியது, அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. நினைவகத்தைக் கூட்டி, பழைய வட்டை எஸ்.எஸ்.டி. என்னும் வேகமான சில்லு வட்டாக மாற்றி, பாட்டரியைப் புதுப்பித்து இன்னும் இரண்டு ஆண்டு பாதுகாப்பாக ஓட்ட முடிகிற ஒரு கணினியை, அட்டவணை சொல்கிறது என்பதற்காக மட்டும் தூக்கியெறியச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஓய்வுத் தேதி மறுபரிசீலனைக்குரிய தேதி என்றே வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும் தேதி மட்டும் அப்படிப்பட்டதில்லை.

அந்த எல்லையைத் தாண்டியும் மாற்ற மறுப்பவர்கள் உண்டு. முடிவு அவர்களுடையது, ஆனால் அந்த முடிவு எழுத்தில் இருக்க வேண்டும். எந்தக் கருவி, என்ன ஆபத்து, எந்த நாள்வரை என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம். ஆதரவு முடிந்த கருவிகளுக்கான வேலை மாதக் கட்டணத்துக்குள் வராது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை வாடிக்கையாளரை மிரட்டும் ஆயுதமாக யாரும் பயன்படுத்தக் கூடாது என்று எங்கள் பணியாளர்களிடம் வற்புறுத்துகிறேன். கையெழுத்துக்காகப் பேனாவை எடுக்கும்போதுதான் பலர் முதல்முறையாக ஆபத்தை அளந்து பார்க்கிறார்கள். சிலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தவணையில் வாங்க முடியுமா என்று கேட்கிறார்கள். ஃபயர்வாலில் மட்டும் நான் இந்த விலக்கை அளிப்பதில்லை. இணையத்தை நேரடியாக எதிர்கொள்ளும் கருவிக்குத் திருத்தங்கள் இல்லையென்றால், அதற்குப் பின்னால் இருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நாங்கள் அளித்த வாக்குறுதி வெற்றுச் சொல்லாகிவிடும்.

வாங்கும் தேதியை ஓய்வுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பதை 2020க்குப் பிந்தைய சில்லுத் தட்டுப்பாடு எங்களுக்குக் கற்பித்தது. வாரங்களில் வந்துகொண்டிருந்த சுவிட்சுகளுக்கும் ஃபயர்வால்களுக்கும் அப்போது பல மாதங்கள் காத்திருந்தோம். அதற்கு முன் 2011இல் தாய்லாந்து வெள்ளத்தால் வன்வட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கியபோதும் உலகெங்கும் வட்டுகளுக்குத் தட்டுப்பாடும் விலையேற்றமும் உண்டாயின. ஆகவே சோதனைக்கு ஒரு மாதம், கருவி வந்துசேர மூன்று மாதங்கள், ஒப்புதலுக்கு ஒரு மாதம் என்று பின்னோக்கிக் கழித்து, முடிவெடுக்க வேண்டிய நாளைப் பட்டியலில் தனி நெடுவரிசையாகவே எழுதுகிறோம்.

ஆயுட்காலத்தின் கடைசிக் கட்டமான அகற்றுதல்தான் பட்ஜெட்டில் பெரும்பாலும் விடுபடுவது. தவறினால் அதிகம் சுடுவதும் அதுதான். மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிதி நிறுவனம் தன் தரவு மையங்களின் பழைய கருவிகளை அகற்றும் பணியை, தரவு அழிப்பில் அனுபவமில்லாத பொருள்களை இடம்மாற்றித் தரும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வாடிக்கையாளர் தரவு அடங்கிய கருவிகள் இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தன. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் அதற்காக விதித்த அபராதம் 3.5 கோடி டாலர். எங்கள் வாடிக்கையாளர்கள் அந்த அளவினர் இல்லை. ஆனால் அவர்களுடைய வட்டுகளிலும் மற்றவர்களின் ஊதியப் பட்டியலும் வங்கிக் கணக்கு எண்ணும் மருத்துவக் குறிப்பும் இருக்கின்றன.

எஸ்.எஸ்.டி.யைப் பழைய வன்வட்டைப் போல மேலெழுதி அழிக்க முடியாது. அதன் கட்டுப்பாட்டுச் சில்லு ஒரே இடம் விரைவில் தேய்ந்துவிடாமலிருக்கத் தரவை வெவ்வேறு இடங்களில் எழுதுவதால், மேலெழுதும் நிரல் தொடாத பகுதிகள் மிஞ்சும். வட்டுக்குள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளையை இயக்குவது, அல்லது முதல் நாளிலிருந்தே முழு வட்டையும் குறியாக்கம் செய்து வைத்திருந்து கடைசியில் அதன் சாவியை அழிப்பது என்பவை அமெரிக்கத் தர நிறுவனத்தின் 800-88 வழிகாட்டி ஏற்கும் முறைகளில் அடங்கும். சாவியை அழிக்கும் வழிக்கு வாங்கிய நாளிலேயே குறியாக்கம் தொடங்கியிருக்க வேண்டும். ஓய்வு பெறும் நாளில் நினைத்துக்கொள்வதால் பயனில்லை. வட்டு அழிந்தாலும், நிறுவனத்தின் மேலாண்மைக் கணக்கிலிருந்து கருவியை விடுவிக்க மறந்தால், அதை நன்கொடையாகப் பெற்றவர் திறந்ததும் பழைய நிறுவனத்தின் கடவுச்சொல்லைக் கேட்டு அது நிற்கும். நாங்கள் நல்ல எண்ணத்தோடு ஒரு பள்ளிக்கு அனுப்பிய மடிக்கணினிகள் இரண்டு இப்படி நின்றன. மாணவர்கள் முன்னிலையில் ஆசிரியர் ஒருவர் எங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க நேர்ந்தது. அன்று முதல் சீரியல் எண், அழித்த முறை, அழித்தவர், விடுவித்த தேதி ஆகிய நான்கும் நிரம்பாமல் எந்தக் கருவியும் எங்கள் பட்டியலிலிருந்து நீங்குவதில்லை.

அந்த அம்மையாரின் நிறுவனத்தில் முப்பத்தெட்டு கணினிகளையும் எட்டு மாதங்களுக்குள் மாற்றி முடித்தோம். சர்வரின் வாரண்டியை ஓராண்டு நீட்டித்து, அந்தச் செலவை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளினோம். புதிய கணினிகளை ஒரே நாளில் வாங்கியதால் அலை மறுபடி உருவாகும் என்பதைச் சொல்லி, அவற்றில் பத்தை நான்காம் ஆண்டிலும் பதினான்கை ஐந்தாம் ஆண்டிலும் எஞ்சிய பதினான்கை ஆறாம் ஆண்டிலும் மாற்றுவதாக அன்றே எழுதினோம். கடைசித் தொகுதிக்கு மட்டும் நீண்ட வாரண்டி வாங்கினோம். ஒவ்வொரு கணினியின் அடியிலும் ஓய்வு பெறும் மாதமும் ஆண்டும் அச்சிட்ட ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கிறது.

சென்ற ஆண்டறிக்கைக் கூட்டத்துக்கு நான் போனபோது பட்டியலை அவரே திறந்து வைத்திருந்தார். வைஃபை கருவிகளின் வரியைச் சுட்டி, இவை ஆறாண்டு தாங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் தயாரிப்பாளரின் ஆதரவு அதற்கு நான்கு மாதங்கள் முன்பே முடிகிறதே என்று கேட்டார். சரிபார்த்தேன். அவர் சொன்னது சரி. தேதியை அங்கேயே திருத்தினேன். அவர் தன் பணப்புழக்கத் தாளில் அந்தத் தொகையை ஒரு காலாண்டு முன்னால் நகர்த்திக்கொண்டார்.